டிவி பெட்டியில் விபிஎன்னும் இணைய உலாவியும்: எதை நிறுவலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

கொட்டாஞ்சேனை மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு டிவிக்காக அண்மையில் புறக்கோட்டையில் ஓர் ஆண்ட்ராய்டு பெட்டி வாங்கினோம். சென்னையில் வேலை செய்யும் தம்பி சந்தா செலுத்தி வைத்திருக்கும் ஓர் இந்திய ஒளிபரப்புச் சேவையை அப்பாவும் அம்மாவும் பார்க்க வேண்டும் என்பது ஒரு தேவை. நல்லூர்த் திருவிழா நேரலையையும் பத்திரிகைகளின் இணையத்தளங்களையும் அப்பா பெரிய திரையில் பார்க்க விரும்புகிறார் என்பது மற்றொன்று. கைபேசியின் சிறிய எழுத்து அவருக்குத் தெரிவதில்லை. முதலாவதற்கு, இணையப் போக்குவரத்தை வேறொரு நாட்டுச் சேவையகக் கணினி வழியாக அனுப்பும் விபிஎன்னும், இரண்டாவதற்கு உலாவியும் வேண்டும் என்று கூறிய கடைக்காரர், ஓர் இலவச விபிஎன்னையும் ஓர் உலாவியையும் யூஎஸ்பி மூலம் அங்கேயே நிறுவித் தந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து விபிஎன்னை முதன்முறை திறந்தபோது, இந்தச் செயலி வலையமைப்புப் போக்குவரத்தைக் கண்காணிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையுடன் அனுமதி கேட்கும் ஒரு சாளரம் தோன்றியது. அதற்குச் சம்மதிக்கலாமா என்று தெரியாததால் அப்படியே விட்டிருக்கிறேன். இவற்றைப் பாவிப்பது பாதுகாப்பானதா, சட்டத்துக்கு உட்பட்டதா, எங்கள் மாதாந்த டேட்டாவை எவ்வளவு தின்னும் என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வெள்ளவத்தை வலையமைப்பாளர் எழுதியது:

வணக்கம் சகோதரி. சம்மதிக்காமல் விட்டது நல்லதாயிற்று. அந்தச் சாளரம் கடைக்காரருடைய செயலிக்கு மட்டும் உரியதல்ல; 2011 இல் வெளியான ஆண்ட்ராய்டு 4.0 முதல், எந்த விபிஎன் செயலியும் அந்த அனுமதியைப் பெற்றுத்தான் இயங்க முடியும். அனுமதி கொடுத்த பின் பெட்டியிலுள்ள எல்லாச் செயலிகளின் போக்குவரத்தும் அந்த ஒரு செயலியின் கையால்தான் போய் வரும். ஆகவே எச்சரிக்கையைக் கண்டு பயப்படுவதை விட, அந்தக் கை யாருடையது என்று கேட்பதே முறை.

அதற்கும் முன்னர் பெட்டியைப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு பெட்டி என்ற பெயரில் இரு வகைகள் விற்பனையாகின்றன. கூகுளின் சான்றிதழ் பெற்ற ஆண்ட்ராய்டு டிவி அல்லது கூகுள் டிவி பெட்டிகள் ஒரு வகை. எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய திறந்த மூல ஆண்ட்ராய்டை ஏற்றி, அதன் மேல் டிவி போன்ற ஒரு முகப்பைப் போர்த்தி, பெயரறியாத தொழிற்சாலைகளிலிருந்து வருபவை மற்ற வகை. உங்கள் பெட்டியில் பிளே ஸ்டோர் கைபேசியில் இருப்பது போலவே தோன்றுகிறதா, ரிமோட்டின் ஒரு பொத்தானை அழுத்தினால் சுட்டியின் அம்பு திரையில் வருகிறதா, பிளே ஸ்டோர் அமைப்புகளின் அறிமுகப் பகுதியில் சான்றிதழ் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை மகள் எழுதியது:

பார்த்தேன் அண்ணா. பிளே ஸ்டோர் கைபேசியில் உள்ளது போலவேதான் இருக்கிறது; அம்பும் வருகிறது. சான்றிதழ் பற்றிய இடத்தில் இந்தச் சாதனம் சான்றளிக்கப்படவில்லை என்று எழுதியிருக்கிறது. பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள தாளில் தயாரிப்பாளரின் பெயரே இல்லை, நினைவகத்தின் அளவு மட்டுமே அச்சிடப்பட்டிருக்கிறது.

வெள்ளவத்தை வலையமைப்பாளர் எழுதியது:

அப்படியானால் உங்கள் பணத்தைப் பற்றிய வருத்தத்துடனேயே சொல்கிறேன்: இந்தப் பெட்டியில் எந்த விபிஎன்னையும் நிறுவ வேண்டாம், எந்தக் கடவுச்சொல்லையும் இட வேண்டாம்.

2023 தொடக்கத்தில், டி95 என்ற பெயரில் இணையக் கடைகளில் விற்கப்பட்ட மலிவுப் பெட்டி ஒன்றில் தொழிற்சாலையிலிருந்தே தீநிரல் (தீங்கு செய்யும் மென்பொருள்) புகுத்தப்பட்டிருந்ததை ஓர் ஆய்வாளர் வெளிப்படுத்தினார். 2024 செப்டம்பரில் டாக்டர் வெப் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம், வோயிட் என்று பெயரிடப்பட்ட தீநிரல் 197 நாடுகளில் ஏறத்தாழ 13 இலட்சம் ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் புகுந்திருப்பதாக அறிவித்தது. 2025 ஜூனில், தீநிரல் புகுந்த சாதனங்களின் வலைப்பின்னலான பேட்பாக்ஸ் 2.0 பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ பொது எச்சரிக்கை விடுத்தது. அடுத்த மாதம் அதை இயக்குவோருக்கு எதிராக வழக்குத் தொடுத்த கூகுள், ஒரு கோடிக்கும் மேற்பட்ட சான்றளிக்கப்படாத சாதனங்கள் அதில் சிக்கியிருப்பதாகக் கூறியது. உங்கள் பெட்டியிலும் அப்படி ஒன்று இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள வீட்டில் இருக்கும் எவருக்கும் வழி இல்லை என்பதுதான் சிக்கல்.

இத்தகைய தீநிரல்கள் செய்யும் முக்கியமான வேலை, உங்கள் வீட்டு இணைப்பை முன்பின் அறியாதவர்களுக்கு வாடகைக்கு விடுவதாகும். உங்கள் ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் உங்கள் வீட்டு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வேறொருவர் மோசடிக் கணக்குகளைத் திறப்பார், விளம்பரங்களைப் பொய்யாகச் சொடுக்குவார். உங்கள் டிவி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும்.

தெஹிவளை ரசிகர் எழுதியது:

வலையமைப்பாளர் அண்ணாவின் அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் எந்த விபிஎன்னும் வேண்டாம் என்று அவர் சொல்வதை வைத்து, இலவச விபிஎன் என்றாலே ஆபத்து என்று முடிவு கட்டினால் அது கடுமையாகத் தோன்றுகிறது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்ட வேளைகளில், வெளிநாட்டிலிருந்த உறவினர்களுக்கு நாங்கள் நலமாக இருக்கிறோம் என்று தெரிவிக்க இந்த நகரத்தில் எத்தனையோ பேருக்கு உதவியவை இலவச விபிஎன்களே. அன்றைக்குக் கடனட்டை உள்ளவர்கள் மட்டும்தான் விபிஎன் பாவிக்கலாம் என்றிருந்தால் எங்கள் வீட்டிலிருந்து ஒரு செய்தியும் போயிருக்காது. கைபேசியில் தொடர்ந்து பாவித்து வரும் எனக்கு இன்றுவரை எந்தத் தீங்கும் நேரவில்லை.

வெள்ளவத்தை வலையமைப்பாளர் எழுதியது:

நீங்கள் குறிப்பிட்ட அந்த நாட்களின் தேவையை நானும் மறுக்கவில்லை. அவசரத்தில் சில மணி நேரம் கைபேசியில் பாவிப்பதும், இரவு பகலாக மின்சாரத்தில் கிடக்கும் பெட்டியில் நிரந்தரமாக ஓடவிடுவதும் ஒன்றாகா.

இலவசச் சேவைகளிலும் வேறுபாடு உண்டு. கட்டணச் சந்தாதாரர்களின் பணத்தில் இலவசப் பாவனையாளரைத் தாங்கும் சேவைகள் சில இருக்கின்றன. புரோட்டன் அவ்வாறானது, அதன் செயலிகளின் மூல நிரலையும் எவரும் பார்க்கலாம். வருமானம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாத சேவைகள்தாம் கவலைக்குரியவை. 2015 இல் ஹோலா என்ற இலவச விபிஎன், தன் பாவனையாளர்களின் இணைப்புகளையே பிறருக்கு விற்றுவந்தது வெளியாயிற்று. 2024 மே மாதத்தில் அமெரிக்க நீதித்துறை முடக்கிய 911 எஸ்5 என்ற, பிறருடைய கணினிகளைக் களவாகப் பாவித்த வலைப்பின்னல் இலவச விபிஎன் செயலிகள் மூலமே கணினிகளில் பரவியது. அதில் ஒரு கோடியே 90 இலட்சம் ஐபி முகவரிகள் இருந்தன. அந்த முகவரிகளுக்குரிய மக்களும் தமக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை என்றே எண்ணியிருப்பார்கள். உங்கள் செயலியைப் பற்றி எனக்குத் தெரியாது. தீங்கு கண்ணில் படவில்லை என்பதை மட்டும் சான்றாகக் கொள்ள வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

சட்ட மாணவி எழுதியது:

சட்டம் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இலங்கையில் விபிஎன் பாவிப்பதைத் தடைசெய்யும் சட்டம் எதுவும் இல்லை. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில் வெளியிடப்படும் கூற்றுகளைப் பற்றியது. விபிஎன்னை அது குற்றமாக்கவில்லை. மறுபுறம், விபிஎன்னுக்குள் இருந்துகொண்டு செய்யப்படும் குற்றம் குற்றமாகவே இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தம்பியின் சந்தா விடயம் வேறானது. ஒரு திரைப்படத்தின் உரிமையை இந்தியாவுக்கு மட்டும் வாங்கிய நிறுவனம் அதை இலங்கையில் காட்ட முடியாது. ஆகவே தன் விதிமுறைகளில் இன்ன நாட்டில் மட்டுமே பார்க்கலாம் என்று எழுதி வைக்கும். அதை மீறினால் காவற்துறை வரப்போவதில்லை. ஆனால் நிறுவனம் கணக்கை நிறுத்தினால் தம்பி முறையிடவும் இடமிருக்காது. பணம் கட்டியவர் அவர் என்பதால், இந்த முடிவை அவரிடம் கேட்டு எடுப்பதே நேர்மையானது. நெட்ஃபிளிக்ஸை எடுத்துக்கொண்டால், 2016 ஜனவரி முதல் அது இலங்கையிலும் கிடைக்கிறது. விபிஎன் என்று கண்டுபிடித்தால், உலகம் முழுவதற்கும் தன்னிடம் உரிமையுள்ள படைப்புகளை மட்டுமே அது காட்டும். விளம்பரத்துடன் கூடிய மலிவுச் சந்தாவில் விபிஎன்னை அறவே ஏற்பதில்லை.

வலையமைப்பாளர் ஐயா கூறிய ஐபி முகவரி விடயத்தை ஒவ்வொரு வீட்டாரும் கவனத்திற் கொள்ள வேண்டும். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் விசாரணை ஒன்று தொடங்கினால், அந்த முகவரி யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் தேடி வருவார்கள். குற்றமற்றவர் என்று பின்னர் தெளிவாகலாம். அதுவரை வாக்குமூலத்துக்கும் விசாரணைக்கும் அலைய வேண்டியவர் உங்கள் அப்பாவாக இருப்பார்.

பம்பலப்பிட்டி வாசகர் எழுதியது:

டேட்டா பற்றிய கேள்வியை எவரும் இன்னும் தொடவில்லை. கொழும்பில் பலரும் கவனிக்கத் தவறுவது அதைத்தான்.

எங்கள் இணையச் சேவை வழங்குநர்கள் காணொளிக்கும் சமூக ஊடகங்களுக்கும் தனித்தனிப் பொதிகளை விற்கிறார்கள். இன்ன தளத்துக்குப் போகிற போக்குவரத்து என்று அவர்களால் அடையாளம் காண முடிந்தால்தான் அது அந்தப் பொதியிலிருந்து கழியும். விபிஎன்னை இயக்கியதும் எல்லாம் ஒரே மறைகுறியாக்கப்பட்ட ஓட்டமாகி, உங்கள் பொதுவான ஒதுக்கீட்டிலிருந்து கழியத் தொடங்கும். யூடியூப்புக்கென்று காசு கொடுத்து வாங்கிய பொதி தீண்டப்படாமல் கிடக்க, மாத நடுவிலேயே இணைப்பின் வேகம் குறைந்துவிட்டது என்று முறையிடுகிற வீடுகள் எங்கள் மாடிக்குடியிருப்பிலேயே உண்டு.

நெட்ஃபிளிக்ஸின் கணக்குப்படி எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரையும், 4கே தரத்தில் 7 ஜிபி வரையும் செலவாகும். விபிஎன் அதன் மேல் கூட்டுவது பெரிதன்று. வயர்கார்டு என்ற விபிஎன் நெறிமுறை, டேட்டா துண்டு துண்டாக அனுப்பப்படும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சாதாரணமாக 60 பைட்டுகளைக் கூட்டுகிறது; 1500 பைட்டுப் பொட்டலத்தில் அது நூற்றுக்கு 4 அளவே. ஆகவே பயப்பட வேண்டியது இந்த 4 வீதத்துக்கு அல்ல, எந்தக் கணக்கிலிருந்து கழிகிறது என்பதற்கே.

தூரத்தையும் சொல்ல வேண்டும். பெரிய காணொளி நிறுவனங்கள் அதிகம் பார்க்கப்படுபவற்றின் பிரதிகளை அந்தந்த நாட்டுச் சேவை வழங்குநர்களின் வலையமைப்புக்குள்ளேயே வைப்பதற்கு ஏற்பாடு செய்கின்றன. விபிஎன் வழியே போகும்போது அருகிலிருக்கும் அந்தப் பிரதியை விட்டுவிட்டு, கடலடி வடம் வழியாக வேறு நாட்டுக்குச் சென்று திரும்புகிறீர்கள். மாலையில் எல்லோரும் பார்க்கும் நேரத்தில் படம் நின்று நின்று ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

கொட்டாஞ்சேனை மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் பேசினேன்; சந்தா விதிகளைத் தானே படித்துவிட்டு முடிவு சொல்வதாகக் கூறினான். பெட்டியை மாற்றுவதென்று தீர்மானித்துவிட்டோம். எந்த வகைப் பெட்டியில் விபிஎன்னும் உலாவியும் ஒழுங்காக வேலை செய்யும்? இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. கைபேசியில் நம்பகமான விபிஎன்னைப் போட்டு, அங்கிருந்து டிவிக்குக் காஸ்ட் செய்தால் பெட்டியில் எதையும் நிறுவாமலே தப்பிக்கலாமா?

வெள்ளவத்தை வலையமைப்பாளர் எழுதியது:

காஸ்ட் செய்வது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொத்தானை அழுத்தும்போது கைபேசி படத்தை டிவிக்கு அனுப்புவதில்லை. இன்ன படத்தை இன்ன இடத்திலிருந்து எடுத்துக்கொள் என்று டிவிக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. டிவி தன் சொந்த இணைப்பில் நேரடியாகப் படத்தை எடுக்கும். எனவே கைபேசியில் உள்ள விபிஎன் அந்த ஓட்டத்தில் இல்லை. உள்ளூர் வலையமைப்பை அனுமதிக்கும் தெரிவு விபிஎன்னில் இல்லாவிட்டால், கைபேசியின் கண்ணுக்கு டிவியே தெரியாமற் போகும். கணினியில் குரோம் உலாவியின் ஒரு தாவலை அப்படியே காஸ்ட் செய்வது இதற்கு மாறானது. அங்கே பக்கத்தைத் திறப்பது கணினி, டிவி வெறும் திரை. ஆகவே கணினியின் விபிஎன் அங்கே செல்லுபடியாகும்.

இனிப் பெட்டிகள். சான்றிதழ் பெற்ற கூகுள் டிவியில் பிளே ஸ்டோரிலிருந்தே விபிஎன் செயலிகளை நிறுவலாம். அமேசானின் ஃபயர் டிவியிலும் அதன் கடையில் உண்டு. ஆனால் 2025 இல் வெளிவந்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட் ஆண்ட்ராய்டை விட்டு வேகா என்ற புதிய இயங்குதளத்துக்கு மாறியிருப்பதால், ஏபிகே கோப்பு (கடைக்கு வெளியே எடுத்து நிறுவும் ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பு) எதையும் அதில் நிறுவ முடியாது. ஆப்பிள் டிவியில் 2023 இல் வந்த டிவிஓஎஸ் 17 முதல் விபிஎன் செயலிகள் இயங்குகின்றன, உலாவி மட்டும் இன்றுவரை இல்லை. சாம்சங், எல்ஜி டிவிகளில் நேர்மாறு: உள்ளேயே உலாவி இருக்கிறது, விபிஎன் செயலி இல்லை, அவற்றுக்கு விபிஎன் வேண்டுமென்றால் ரூட்டரில்தான் போட வேண்டும். சேவை வழங்குநர் தரும் ரூட்டர்கள் பெரும்பாலும் அதற்கு இடந்தருவதில்லை.

விபிஎன் போட்டாலும் அந்த இந்தியச் செயலி கடையில் தென்படாமல் போகலாம். பிளே ஸ்டோரின் நாடு உங்கள் கணக்கைச் சார்ந்தது, ஐபி முகவரியை மட்டும் சார்ந்ததன்று. அதை வருடத்துக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும். அந்த நிலையில்தான் பலர் எங்கிருந்தோ ஏபிகே கோப்பை எடுத்து நிறுவி, சான்றிதழ் பெற்ற பெட்டியையும் சான்றிதழ் பெறாததைப் போல ஆக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

விபிஎன் செயலியில் தெரிவு செய்யும் இந்தியச் சேவையகம் என்பதையும் சற்றுத் தெளிவுபடுத்த வேண்டும். பாவனையாளர் விபரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பணித்ததையடுத்து, எக்ஸ்பிரஸ் விபிஎன், சர்ஃப்ஷார்க், நோர்ட் விபிஎன் ஆகியவை அங்கிருந்த தமது சேவையகங்களை அகற்றின. செயலியில் இந்தியா என்று எழுதியிருந்தாலும் இயந்திரம் சிங்கப்பூரிலோ ஐரோப்பாவிலோ இருக்கலாம். கொழும்பிலிருந்து சென்னை கூப்பிடு தூரம் என்று நினைத்துத் தெரிவு செய்பவர்கள், வேகம் ஏன் குறைகிறது என்று பின்னர் குழம்புகிறார்கள்.

உலாவியைப் பற்றி என் கருத்து இதுதான்: டிவியில் அது கடைசி வழியாக இருக்கட்டும். கூகுள் டிவிக்கென்று குரோம் வழங்கப்படவில்லை. ரிமோட்டின் அம்புப் பொத்தான்களுக்கு ஏற்ப அமைக்கப்பட்ட டிவி ப்ரோ என்ற திறந்த மூல உலாவி பத்திரிகை வாசிக்கப் போதுமானது. ஃபயர் டிவியில் சில்க் என்ற உலாவி இருக்கிறது. பஃபின் போன்ற உலாவிகள் பக்கத்தைத் தமது சேவையகத்தில் திறந்து உங்களுக்குக் காட்டுபவை என்பதால், நீங்கள் இடும் கடவுச்சொல்லும் அவர்கள் வழியாகவே போகும். படம் பார்க்க உலாவியை நாட வேண்டாம். ஒளிபரப்புச் சேவைகள், படத்தைப் பிரதி எடுப்பதைத் தடுக்க வைட்வைன் என்ற பூட்டைப் பாவிக்கின்றன. அதன் உயர்ந்த நிலை கிடைக்காத இடத்தில் 4கே டிவியிலும் மங்கலான படமே வரும். வங்கிக் கணக்கை டிவி உலாவியில் ஒருபோதும் திறக்க வேண்டாம்.

அப்பாவின் திருவிழாவுக்கு இவை எதுவும் தேவைப்படாமலும் போகலாம். கோயில் நேரலைகளில் பெரும்பாலானவை யூடியூப்பிலேயே செல்கின்றன. தளத்தில் நீங்கள் பார்ப்பது அதே காணொளியாக இருக்கக்கூடும். டிவியின் யூடியூப் செயலியில் குரலால் தேடி, அந்த அலைவரிசைக்குச் சந்தாவிட்டு வைத்தால் மறுநாள் அவரே திறந்துகொள்வார். அதற்கு விபிஎன் வேண்டாம், உங்கள் யூடியூப் பொதியும் ஒழுங்காகக் கழியும்.

தெஹிவளை ரசிகர் எழுதியது:

நல்ல விளக்கம். ஒரு விடயத்தில் மட்டும் இன்னும் உடன்பட மாட்டேன்: சான்றிதழ் பெற்ற பெட்டியின் விலைக்கு வழியில்லாத வீடுகள் நிறைய உண்டு. அவர்களுக்கு மலிவுப் பெட்டி வேண்டாம் என்று சொல்வதோடு நிறுத்தினால் அது பதிலாகாது.

பம்பலப்பிட்டி வாசகர் எழுதியது:

நியாயமான கேள்வி. எச்டிஎம்ஐ துளை உள்ள பழைய மடிக்கணினி வீட்டில் இருந்தால், அதை டிவியுடன் ஒரு வயரால் இணைத்து, கம்பியில்லா விசைப்பலகை ஒன்றைச் சேர்த்தால் போதும். உலாவியும் ஒழுங்கானது, விபிஎன்னும் ஒழுங்கானது. அழகு குறைவு என்பது உண்மைதான், ஆனால் என் பார்வையில் பெயரில்லாத பெட்டியை விட இது மேலானது. மடிக்கணினியும் இல்லாத வீட்டுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

கொட்டாஞ்சேனை மகள் எழுதியது:

தம்பி பதில் அனுப்பிவிட்டான். வெளிநாட்டில் பார்ப்பதற்கு அந்தச் சந்தாவில் இடமில்லை என்பதால், இங்கே முறையாகக் கிடைக்கும் வேறொரு சேவைக்கு மாறுகிறோம். விபிஎன் தேவை அத்துடன் நீங்கிவிட்டது. பழைய பெட்டியை ஃபாக்டரி ரீசெட் செய்து, அயல் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

வெள்ளவத்தை வலையமைப்பாளர் எழுதியது:

கொடுக்காதீர்கள் சகோதரி. இவ்வகைத் தீநிரல் இயங்குதளத்தோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கும் என்பதால், ரீசெட் செய்தாலும் போகாது. சிக்கல் அயல் வீட்டு இணைப்புக்கு இடம்மாறும், அவ்வளவே. யூஎஸ்பியில் உள்ள பாடல்களையும் படங்களையும் போட்டுப் பார்க்க உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெட்டியில் வைஃபை கடவுச்சொல்லை அழித்து, ரூட்டரிலும் அந்தக் கடவுச்சொல்லை மாற்றி, வலைவடத்தையும் கழற்றிவிடுங்கள். அதில் கூகுள் கணக்கால் உள்நுழைந்திருந்தால், கைபேசியில் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, சாதனங்களின் பட்டியலிலிருந்து அந்தப் பெட்டியை நீக்கிய பின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அப்பாவின் கணக்கும் அதில் இருந்தால் அதற்கும் இப்படியே செய்ய வேண்டும்.